ஆளுக்கு ஐம்பது

பபிள் டீயில் இருக்கும் ‘பபிள்’ அந்தக் கறுப்பு உருண்டைகளைக் குறிப்பதல்ல. தேநீரைப் பனிக்கட்டியோடு சேர்த்துக் குலுக்கும்போது மேலே பொங்கி நிற்குமே நுரை, அதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். உருண்டைகள் பிறகு வந்து சேர்ந்துகொண்டவை. 1980களில் தைவானில் யாரோ ஒருவர், தெருவில் பாகும் ஐஸும் ஊற்றி விற்ற மாவு உருண்டைகளை எடுத்துக் குளிர்ந்த தேநீருக்குள் போட்டார். அந்த யாரோ யார் என்பதில்தான் சண்டை. தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங், தைனான் நகரின் ஹன்லின் ஆகிய இரண்டு தேநீர்க் கடைகளும் நாங்கள்தான் முதலில் என்றன. பத்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. கடைசியில் 2019இல் நீதிமன்றம், இது காப்புரிமை உள்ள பொருள் இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆகவே முதலில் செய்தது யார் என்று தீர்மானிக்க வேண்டிய தேவையே இல்லை என்று சொல்லிவிட்டது.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் எங்கள் வீட்டு அடுப்படியும் அடங்கும் அல்லவா?

நுரை நமக்கு ஒன்றும் புதிதில்லை. மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுபவர் ஒரு குவளையை மேலேயும் ஒரு குவளையைக் கீழேயும் பிடித்து இழுப்பதெல்லாம் அதற்காகத்தானே. புதிதாக வந்தது உருண்டைதான். வந்த வேகமும் கொஞ்சநஞ்சமல்ல. 2019 வாக்கில் சுபாங் ஜெயா எஸ்.எஸ். 15இல் ஒரே கடை வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் பபிள் டீ கடைகள் முளைத்து, அந்த இடத்துக்கே ‘பபிள் டீ தெரு’ என்று பெயர் வந்துவிட்டது. மறு ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளி கிடையாது, வெளியே போக முடியாது. அக்கா மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“சித்தி, கடையில ஒரு கப்பு பதிமூணு வெள்ளி. மாவு பாக்கெட்டு ரெண்டு மூணு வெள்ளிதான். வீட்லயே செய்யலாமா?”

செய்முறை சின்னதுதான். 100 கிராம் மாவு, 40 கிராம் குலா மெலாக்கா, 60 மில்லிலிட்டர் தண்ணீர். கடைகளில் கறுப்புச் சீனி போடுவார்கள். நம் ஊரில் தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சிய குலா மெலாக்கா இருக்கும்போது வேறு எதற்கு? அதைத் துருவித் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட வேண்டும். நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது மாவில் பாதியைக் கொட்டிக் கிளற வேண்டும். பசைபோல் இறுகியதும் மீதி மாவைச் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் பிசைய வேண்டும்.

கொதிப்பதுதான் இதில் முக்கியம். மாவுச்சத்தின் துகள்கள் 65, 70 டிகிரியைத் தாண்டினால்தான் தண்ணீரை உறிஞ்சி வீங்கி, உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டும். வெறும் வெதுவெதுப்பான நீரில் கலந்தால் அது மாவே ஆகாது. கையில் அழுத்தும்போது கல்லாக நிற்கும். விட்டதும் பாலாக ஒழுகும். செய்முறையை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, “கொழுக்கட்டைக்கு மாவு பெசையிற மாதிரிதானே? தண்ணி நல்லா கொதிக்கணும். கை சுடுதுன்னு பயந்தா ஆவாது” என்றார். மூன்று பத்தி விளக்கம் தேவைப்பட்ட விஷயம் ஒரு வரியில் முடிந்துபோனது.

அப்பாவின் அம்மா அவர். அப்போது எண்பத்தைந்து வயது. உட்கார்ந்த இடத்திலேயே வேலை செய்யக்கூடியது எதுவாக இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்வார். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது. மாவை உருட்டவும் தானே வருவதாகச் சொன்னார். பலகையைத் துடைத்துவிட்டு, ஒட்டாமல் இருக்கத் தூவுவதற்காக மாவுப் பாக்கெட்டை அவர் பக்கத்தில் வைத்தேன். பாக்கெட்டில் அதன் படம் இருந்தது. மண் நிறத் தோல், உள்ளே வெள்ளை. கீழே ‘தெப்போங் ஊபி காயு’. இன்னும் கீழே, தாய்லாந்தில் தயாரிக்கப்பட்டது.

பாட்டிக்கு மலாய் எழுத்து தெரியாது. படம் தெரியும்.

“மரவள்ளியா?” என்றார்.

“ஆமா பாட்டி.”

எங்கள் வீட்டுக்குள் மரவள்ளிக்கிழங்கு வந்ததில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அவித்த கிழங்கும் சம்பாலும் கொடுத்து அனுப்பினால், நன்றி சொல்லி வாங்கி, அப்படியே எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவார் பாட்டி. இரவுச் சந்தையில் கிழங்குச் சீவல் வாங்கினால் வழியிலேயே தின்று முடித்துவிட்டுத்தான் வருவோம். ஏன் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். “ஜப்பான்காரன் காலத்துல தின்னது போதும்.” அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்தக் காலத்தைப் பற்றி நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். போருக்கு முன் மலாயா, தான் உண்ட அரிசியில் பெரும் பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. நிலமெல்லாம் ரப்பர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அரிசிக் கப்பல்கள் குறைந்தன. ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்துச் சம்பளம் நின்றது. வாழைமரம் போட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் காகிதமாகிக்கொண்டு வந்தது. பசிக்கு ஒரே வழி, எந்த மண்ணிலும் குச்சியை நட்டால் வளரும் மரவள்ளி. வீட்டு வாசல், லயத்துப் பின்புறம், ரப்பர் மரத்துக்கு நடுவே என்று எங்கும் நட்டார்கள். வயிறு நிறைந்தது. ஆனால் அது வெறும் மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே தின்றவர்களின் உடம்பு உள்ளே வற்றிக்கொண்டே போனது. உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயில் கால்கள் வீங்கின. அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. பெருந்தொகையானோர் திரும்பவில்லை.

பாட்டிக்கு அப்போது ஏழு வயது. இதெல்லாம் அவருடைய கதையில் இருக்காது. அவர் சொன்னது, அன்றைக்கு மாவை உருட்டிக்கொண்டே, எதிரில் இருந்த சிறுமியிடம் சொன்னது, மூன்றே செய்திகள். உப்பு கிடைக்காது. அவருடைய அம்மா அவித்த கிழங்கைத் துண்டு போட்டு, எல்லாருடைய தட்டிலும் எண்ணி வைப்பார். “எந் தம்பிக்குக் கால் வீங்குச்சு.”

அக்கா மகள், “அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்னா. நீ இத இன்னும் சின்னதா கிள்ளு. கடலை அளவு இருக்கணும்.”

இந்த இடத்தில் என் மனம் வேறொரு பக்கம் போனது. நம் ஊர் ஜவ்வரிசிக்குப் பெயர் வந்தது ‘ஜாவா அரிசி’யிலிருந்து என்பார்கள். கடல் கடந்து இங்கிருந்து அங்கே போன பொருள் அது. ‘சாகு’ என்பதே மலாய்ச் சொல். ரும்பியா என்ற பனை வகையின் தண்டுக்குள் இருக்கும் சோற்றை இடித்து எடுக்கும் மாவு. சரவாக்கில் இன்றும் எடுக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு ஜவ்வரிசியில் அந்தப் பனை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் இந்தியாவுக்குச் சென்றுகொண்டிருந்த சாகு நின்றுவிட்டது. அப்போதுதான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுத்து, உருட்டி, வறுத்து, அதேபோல ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். பெயர் பழையது, பொருள் புதியது. இன்று சேலம் வட்டாரத்தில் அது பெரிய தொழில். கிள்ளான் லிட்டில் இந்தியா கடைகளில் பாக்கெட்டில் தொங்குவதும் அதுதான்.

அதாவது ஒரே போர். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சிறுமியின் தட்டில் உப்பில்லாத மரவள்ளித் துண்டுகளை வைத்தது. அந்தப் பக்கம் மரவள்ளியை வெள்ளை முத்தாக்கிப் பாயசத்துக்கு அனுப்பியது.

பாட்டிக்கு ஜவ்வரிசிப் பாயசம் என்றால் உயிர். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் கையால்தான் செய்வார். முத்து கண்ணாடிபோல் ஆகும்வரை பக்கத்திலேயே நிற்பார். அது என்ன மாவு என்பதை இன்றுவரை நான் சொல்லவில்லை. சொல்லத் துடித்த ஒரு நிமிடம் இருந்தது உண்மை. இவ்வளவு நல்ல தகவல் கையில் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். ஆனால் அந்தத் தகவலால் பாட்டிக்கு என்ன கிடைக்கும்? எண்பது வயதுக்கு மேல் ஒரு பாயசம் குறையும், அவ்வளவுதான்.

உருண்டைகளை இருபது இருபத்தைந்து நிமிடம் கொதிநீரில் வேகவிட்டு, அடுப்பை அணைத்து, மூடிபோட்டு இன்னும் கால் மணி நேரம் விட வேண்டும். நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்துவிட்டால் வெந்துவிட்டது. குளிர்ந்த நீரில் அலசி, குலா மெலாக்காப் பாகில் போட வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகி, உள்ளே கல் மாதிரி ஆகிவிடும். சில மணி நேரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டிய பண்டம் இது. தேநீர் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கடுப்பாக இருக்க வேண்டும். ஐஸும் பாலும் சேரும்போது இல்லையென்றால் வெறும் இனிப்புத் தண்ணீர். நாங்கள் கேமரன் மலைத் தூளைப் போட்டு, மூடியுள்ள போத்தலில் ஐஸோடு குலுக்கினோம். நுரை விரல் அளவுக்கு எழுந்தது.

பாட்டி உருட்டியவைதான் எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருந்தன. எங்கள் இரண்டு பேரின் உருண்டைகளைச் சேர்த்தாலும் அவர் உருட்டியதில் பாதி வராது. ஆனால் அவர் தின்னவில்லை.

“ஒண்ணே ஒண்ணு பாட்டி. கிழங்கு மாதிரியே இருக்காது. இனிப்பா இருக்கும்” என்று அக்கா மகள் கெஞ்சினாள்.

“வேணாம் ஆயி. எனக்குத் தேத்தண்ணி மட்டும் ஊத்து. சீனி கொறச்சி.”

ஒரு கதையாக இருந்தால் இங்கே பாட்டி ஓர் உருண்டையை வாயில் போட்டிருப்பார். கண் கலங்கியிருக்கும். எழுபத்தைந்து வருடத்துக் கசப்பு ஒரு துளி பாகில் கரைந்திருக்கும். நானும் அப்படி ஒரு காட்சிக்காகத்தான் உள்ளுக்குள் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் பட்டதை எல்லாம் நாம் ஏதாவது ஒரு இனிப்பில் போட்டு முடித்துவைக்க ஆசைப்படுகிறோம். அது யாருடைய நிம்மதிக்காக? பாட்டிக்கு அந்தக் கிழங்கோடு சமாதானம் தேவைப்படவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய வாழ்க்கை அவருக்கு வாய்த்திருக்கிறது. ஏழு வயதில் அது இல்லை. தட்டில் வைத்ததைத் தின்றாக வேண்டும். இப்போது தானே உருட்டிய பண்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, வேண்டாம் என்கிறார். அந்த ‘வேண்டாம்’ பெரியது. அதன்மேல் பாகை ஊற்ற நமக்கு உரிமையில்லை.

நுரையோடு தேநீரை மட்டும் ரசித்துக் குடித்தார். பெயரின் பழைய பொருளை வைத்துப் பார்த்தால் அன்று வீட்டில் கலப்படமில்லாத பபிள் டீ குடித்தவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பல ஞாயிற்றுக்கிழமைகள் இது நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பலகைக்கு முன்னால் பாட்டி வந்துவிடுவார். உருட்டுவது மட்டுமில்லை, பங்கு வைப்பதும் அவர் வேலை. வெந்த உருண்டைகளை நாங்கள் கரண்டியால் அள்ளிப் போட்டால் விடமாட்டார். சின்னக் கரண்டியால் ஐந்து ஐந்தாக எடுத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு கிளாஸிலும் போடுவார். ஆளுக்கு ஐம்பது. அப்பாவுக்கும் அதுதான், சின்னப் பிள்ளைக்கும் அதுதான். மீதி இருந்தால் அதையும் சமமாகப் பிரிப்பார்.

“எதுக்குப் பாட்டி எண்ணுறீங்க? அதான் சட்டி நெறைய இருக்கே” என்று ஒருநாள் அக்கா மகள் கேட்டாள்.

பாட்டி எண்ணுவதை நிறுத்தவில்லை. நாற்பத்தைந்து வரைக்கும் வந்து, கடைசி ஐந்தையும் போட்ட பிறகுதான் பதில் சொன்னார்.

“நெறைய இருக்கறப்பவும் எண்ணித்தான் போடணும். இல்லாட்டி கடைசியா வர்றவனுக்கு இல்லாம போயிரும்.”