இரண்டு நாளில் டில்லி

காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது என்பார்கள். டில்லிக்குப் போனாலும் தொலையாது என்பதை நான் அநுபவத்தில் கண்டேன். ஏனெனில், நாங்கள் குடும்ப சகிதமாக அந்த மாநகரில் போய் இறங்கிய தினம் திங்கட்கிழமை!

திங்கட்கிழமைக்கும் கர்மத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எங்களுக்கு இருந்ததோ இரண்டே நாள்; மறுநாள் இரவு ஊர் திரும்ப ரயில். ஒரு மாத காலம் உட்கார்ந்து நான் தயாரித்திருந்த ஜாபிதாவில் பதினான்கு இடங்கள். அவற்றில் முதல் இடமே செங்கோட்டைதான்.

ஜாபிதாவை உரக்கப் படித்தேன். எண்பதைத் தாண்டிய என் தாயார், "மகாத்மா விழுந்த இடம் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ராஜ்காட் இருக்கிறது, அம்மா."

"அது தகனம் செய்த இடம். நான் கேட்டது அதுவல்ல."

விசாரித்ததில், அதற்கும் திங்கட்கிழமை விடுமுறை என்று தெரிந்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். 'நாளைக்கு' என்னும் வார்த்தை இவ்வுலகில் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது!

அன்று குதுப்மினாரைப் பார்த்தோம். உயரம் 72 மீட்டருக்கு மேல். 1981-ல் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் மாண்டதிலிருந்து மேலே ஏற யாரையும் விடுவதில்லை. என் முழங்கால்கள் அதற்காக வருத்தப்படவில்லை. அருகில் நிற்கும் இரும்புத் தூணுக்கு வயது சுமார் 1600. மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து அழியாத அதிசயம்! ஆயினும், தூணை முதுகுப்புறமாகக் கட்டி அணைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிய ஜனங்களின் அன்பை அதனால் தாங்க முடியவில்லை போலும். 1997-ல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள்.

ஜந்தர் மந்தர் ஆயிற்று. மாலையில் இந்தியா கேட். அதன் எதிரே ஒரு கல் மண்டபம். பிரிட்டிஷ் ஆட்சியில் அதற்குள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சிலையாக நின்றார். 1968-ல் அவரை அப்புறப்படுத்திய பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டபம் காலியாகவே கிடந்தது. 2022-ல் அங்கே நேதாஜி வந்து நின்றார். காலம் நியாயம் செய்யத்தான் செய்கிறது. கொஞ்சம் சாவகாசமாகச் செய்கிறது.

மறுநாள் காலை செங்கோட்டை. ஷாஜஹான் கட்டிய அந்தக் கோட்டையில்தான் அவருடைய சந்ததியாரான கடைசி மொகலாயச் சக்கரவர்த்தி பகதூர் ஷாவை 1858-ல் விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் மூவர் மீது 1945-ல் வழக்கு நடந்ததும் இங்கேதான். 1947 ஆகஸ்டு 16-ம் தேதி நேரு மூவர்ணக் கொடியை ஏற்றியதும் இதே கோட்டைமீதுதான். இவ்வளவும் பார்த்து, ராஜ்காட்டிலும் வணங்கிவிட்டு வெளியே வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது.

அடுத்து ஹுமாயூன் சமாதி. அதன் பிறகு மனைவியின் கடைத்தெரு யாத்திரை. டாக்ஸி கிளம்பியது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த சிறு துணி முடிச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக் கொண்டிருந்தார். அந்த மௌனம் என்னைச் சுட்டது. இந்த வயதில் அவர் மறுபடியும் டில்லிக்கு வரப் போகிறாரா? வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மகாத்மா தமது கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு அது. அவர் இருந்த அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரையில், அவர் கடைசியாக நடந்த வழியில் பாதச் சுவடுகளை அமைத்திருக்கிறார்கள். அன்று சர்தார் பட்டேலுடன் பேச்சு நீண்டுவிட்டது. கடிகாரத்தைத் தெய்வமாய் மதித்தவர், தாமதமாயிற்றே என்று விரைந்து நடந்தார். மணி 5.17.

தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவடுகளை மிதிக்காமல் அவற்றின் ஓரமாகவே மெள்ள நடந்தார். கடைசிச் சுவட்டின் அருகில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு சிட்டம் நூல்.

"உன் தாத்தா நூற்றது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ரேடியோ வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவர், யாரிடமும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். பாட்டி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். தெரு முழுவதும் ஸ்நானம் செய்தது. எனக்கு ஏழு வயது. 'நம் வீட்டில் யார் செத்துப் போனார்கள்?' என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இந்த நூலை இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று சாகிற வரையில் சொல்லிக் கொண்டிருந்தார். ரயில் சார்ஜுக்குப் பணம் சேரவே இல்லை."

சிட்டத்தை அந்தச் சுவட்டில் ஒற்றிக் கண்ணில் ஒத்திக் கொண்டார். காவலர் ஒருவர் பார்த்துக் கொண்டுதான் இருந்தார்; எதுவும் சொல்லவில்லை. பிறகு அதைத் திரும்ப முடிந்து, என் மகன் கையில் கொடுத்தார்.

அன்றிரவு ரயிலில் ஜாபிதாவை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது இடங்கள் பாக்கி. எனக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை.

டில்லிக்குப் புறப்படும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: திங்கட்கிழமையன்று போய் இறங்காதீர்கள். ஜாபிதா எழுத உட்காருவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் பெரியவர்களை ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள்.