புள்ளி முன்னால் வரும்

ஜே, கே, பி, ஓ, செமிகோலன். திரைவாசிப்பானை எழுத்தெழுத்தாக நகர்த்தும்போது இந்த ஐந்தும் வரிசையாகக் காதில் விழுந்தால், திரையில் இருப்பது 'தமிழ்' என்ற சொல் என்று அவருக்குத் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. பார்க்கிறவருக்கு அழகான தமிழ். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில விசைகள்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை மாற்றித் தரும் வேலை அவருடையது. பல்கலைக்கழகத்திலிருந்து அண்மையில்தான் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் ஒருவர், "இனி சாரோட வேலையை மென்பொருளே பார்த்துக்கும்" என்றார். கூட்டம் கைதட்டியது. கழுத்தில் மாலையோடு இவரும் சிரித்து வைத்தார். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அவர் தொழில் பழகியது பிரெயில் ஸ்லேட்டிலும் ஸ்டைலஸிலும். வலமிருந்து இடமாக, கண்ணாடி பிம்பம் போலக் குத்திக்கொண்டே போய்த் தாளைத் திருப்பினால் விரலுக்கு இடமிருந்து வலமாகக் கிடைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று பேச்சில் தாண்டிப் போய்விடுவார். எதிரில் இருப்பவர் விழிப்பதைக் கவனிக்க மாட்டார். அவருக்குப் பேச வேண்டியது புள்ளியைப் பற்றி.

அச்சில் மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி, பிரெயிலில் தனிக் கட்டம் பிடித்துக்கொண்டு எழுத்துக்கு முன்னால் நிற்கும். த, ம, இ, புள்ளி, ழ. இங்கேயும் ஐந்துதான். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலின் ஏற்பாடு அது. விரல் முதலில் புள்ளியைத் தொட்டுவிடுவதால், வரப்போவது மெய் என்று எழுத்தைத் தொடும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் கண்ணால் தமிழ் படித்த கைக்கு இது ஏறாது. ழகரத்தைக் குத்தி முடித்த பிறகுதான் புள்ளி ஞாபகத்துக்கு வரும்.

மெய்ப்புப் பார்த்தவர் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெரியவர். தாளில் விரல் ஓடும், சட்டென்று நிற்கும். வேண்டாத புள்ளி என்றால் நகத்தால் அழுத்தி மட்டமாக்கிவிடலாம். விட்டுப்போன புள்ளிக்கோ கட்டமே இல்லை. தாள் முழுவதும் மறுபடி. "தம்பி, தமிழ இல்ல, தமிழ்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒரே பக்கத்தை நான்கு முறை குத்திய நாள் உண்டு. ஐந்தாவது முறை பெரியவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, தேநீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டார். அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். விழா மேடையில் அதைச் சொல்லத்தான் இவர் நினைத்திருந்தார். நேரம் இல்லை என்றார்கள்.

இப்போது வருகிற இளைஞர்கள் பக்கத்தை ஸ்கேன் செய்கிறார்கள், எழுத்துணரியில் போடுகிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள். திரும்பிப் படிப்பதில்லை. 'ஏ'யின் கால் உதிர்ந்து 'எ' ஆகும், அட்டவணை கலைந்து ஒரே வரியாக ஓடும். மென்பொருள் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. 2006இல் தொடங்கி இலவசமாகவே கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான், பார்வையற்ற மாணவர்கள் பலருக்கு நூலகத்தைத் திறந்துவிட்டதை அவர் அறிவார். படித்துப் பார்க்காமல் அனுப்புவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. (இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரும். ஸ்லேட்டுக் காலத்திலும் பிழை மலிந்த தாள்கள் போயிருக்கும் என்று நினைவூட்டினால் பேச்சை மாற்றிவிடுவார்.)

இந்த வேலைக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற வழிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஐதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழக ஆய்வு மையம் தந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழக ஆய்வு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அவரிடம் கடைசியாக வந்த ஆய்வு மாணவியின் பொருளும் மாற்றுத்திறனாளி உரிமைதான், அவளும் பார்வையற்றவள். அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழாக்கம் என்று யாரோ அனுப்பிய கோப்பு முழுவதும் புகைப்படம். திரைவாசிப்பான் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தார்.

ஓய்வு பெற்ற மறுமாதம் அவள் அழைத்தாள். "சார், புது ஆளு ஒரு புத்தகம் குடுத்தாரு. நாற்பத்தேழாம் பக்கத்துல 'படம்'னு மட்டும் சொல்லுது. என்ன படம்?"

கோப்பை அனுப்பச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடப் போனார்.