கை நுழையும் அளவு

ஆர்வி-7 விமானத்தின் கருவிப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, முதலில் இருக்கையின் சாய்வைக் கழற்ற வேண்டும். அப்புறம் மல்லாந்து படுத்து, கால் வைக்கிற பள்ளத்துக்குள் தலையை விட்டு, கால்களை இருக்கைப் பக்கம் நீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பார் தரையில் குறுக்காக ஓடுகிறது. அது நடுமுதுகில் வந்து குத்தும். காதோரம் ரட்டர் பெடல். மூக்குக்கு ஒரு சாண் மேலே வயர்க் கற்றை, ரப்பர்க் குழாய்கள், ரேடியோவின் அடிப்பாகம். அதற்கும் மேலே உள்ளது கண்ணுக்குப் படாது. வருடப் பரிசோதனை முடிந்து மெக்கானிக் போடும் கையெழுத்து அந்தப் படாததற்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூர். வில்லமெட் பள்ளத்தாக்கில், சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது (நம்ம சேலம் இல்லை, மாநிலத் தலைநகர்). ஓடுபாதையை ஒட்டி வரிசையாக வீடுகள். வீட்டோடு கார் நிறுத்தும் இடம் இருப்பதுபோல இங்கே விமானக் கொட்டகை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் திறந்திருக்கும் கதவுகளுக்குள் அலுமினிய இறக்கைகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஆர்வி. அந்த இரண்டு எழுத்தும் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் என்ற வடிவமைப்பாளரின் பெயரிலிருந்து வந்தவை. 1971இல் தனக்கென ஒற்றை இருக்கை ஆர்வி-3ஐக் கட்டிப் பறக்கவிட்ட அவர், பிறகு அதன் வரைபடங்களையும் பாகங்களையும் மற்றவர்களுக்கு விற்கத் தொடங்கினார். அவர் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் வடக்கே அரோராவில் இருக்கிறது. இதுவரை 11,000க்கும் மேற்பட்ட ஆர்விகள் வீட்டுக் கொட்டகைகளில் உருவாகிப் பறந்திருக்கின்றன. தொழிற்சாலை தருவது பெரும்பாலும் துளையிட்ட தகடுகளும் வரைபடமும்தான். மீதி 1,500, 2,000 மணி நேர உழைப்பு வாங்கியவருடையது.

நான் போயிருந்த கொட்டகையில் நின்ற ஆர்வி-7ஐ இப்போதைய உரிமையாளர் கட்டவில்லை. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; வேறொருவர் கட்டியதை வாங்கியவர். இது சட்டத்தில் ஒரு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. சொந்தமாகக் கட்டியவர் விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லும் ரிப்பேர்மேன் சான்றிதழ் கிடைக்கும். வருடப் பரிசோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடலாம். விமானம் கைமாறினால் சான்றிதழ் கூடவே போகாது. இரண்டாவது உரிமையாளர் எண்ணெய் மாற்றலாம், பிரேக் மாற்றலாம், தகடு வெட்டி ரிவெட் அடிக்கக்கூடச் செய்யலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை அதற்கான சான்றிதழ் உள்ளவர் பார்த்து எழுதினால்தான் பறக்க முடியும்; இங்கே அது உரிமம் பெற்ற ஒரு மெக்கானிக்.

அந்த மெக்கானிக்தான் கருவிப் பலகைக்குப் பின்னால் எட்ட ஒரு கதவு கேட்டவர். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள். "டீச்சர், அடுத்த வருடம் என்னால் இதற்குள் நுழைய முடியாது. நுழைய முடியாததைப் பார்த்தேன் என்று எழுதவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். முன்பக்கக் கீலில் மேலே தூக்கித் திறக்கும் கண்ணாடி மூடி வைத்த ஆர்வி-7 என்றால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்திருக்கும். இதில் பின்னால் தள்ளித் திறக்கும் மூடி. எஞ்சின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வாலிலிருந்து முன்கண்ணாடி வரை மேலே ஒரே தகடு, சுற்றிலும் ரிவெட். அதில் இரண்டு செவ்வகத் துளைகள் போட்டு, ஸ்க்ரூவில் கழற்றிப் பூட்டும் மூடிகள் வைப்பது என்று முடிவாகியிருந்தது. வரைபடத்தில் இல்லாத கதவுகள்.

செஸ்னா 172 போன்ற தொழிற்சாலை விமானத்தில் இப்படி நினைத்தவுடன் வெட்ட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்புத் தரவு வேண்டும், படிவம் 337 வேண்டும், அதற்கென்று அதிகாரம் பெற்ற ஆள் வேண்டும். வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்தக் கட்டு இல்லை. அதற்குப் பதிலாகத்தான் உள்ளே ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. சுதந்திரத்துக்கு ஒரு பலகை.

வெட்டுவதற்கு முன்னால் மெக்கானிக் என்னை அழைத்து அந்தத் தகட்டைத் தட்டிக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லை. விரலால் அழுத்தினால் உள்வாங்கும். இதற்கா இவ்வளவு யோசனை என்று தோன்றியது. எஞ்சினின் எடை ஃபயர்வால் மூலைகள் வழியாக, உடலின் நீளத்துக்கு ஓடும் லாங்கரான்களில் இறங்குகிறது. ஆனால் விமானம் திரும்பும்போதும் குலுங்கும்போதும் உடல் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கைத் தடுப்பது இந்த மெல்லிய தோல்தான். சட்டத்துக்கு மேல் ஒட்டிய போர்வை என்று நாம் நினைப்பது உண்மையில் சட்டத்தின் பாதி வேலையைச் செய்கிறது. நடுவில் துளை போட்டால், அந்த வழியே போன விசை துளையைச் சுற்றிக்கொண்டு போகும், மூலைகளில் நெருக்கியடிக்கும். மூலை கூர்மையாக இருந்தால் அங்கிருந்து விரிசல் கிளம்பும். இந்த இடத்தில் யாராவது ஒருவர் 1954இல் நொறுங்கிய காமெட் ஜெட்களைப் பற்றிப் பேசிவிடுவார்கள், அன்றும் பேசினார்கள். காமெட், ஒவ்வொரு பயணத்திலும் ஊதிச் சுருங்கிய அழுத்த அறை. ஆர்வியில் அழுத்தமே கிடையாது. ஆனாலும் மூலையை வளைத்து வெட்டு என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

துளையைச் சுற்றி உள்பக்கம் டப்ளர் என்ற வளையத் தகடு வைத்து ரிவெட் அடிக்கிறார்கள். சட்டைக்குப் பொத்தான் துளை வெட்டியதும் சுற்றிக் காஜா எடுப்பதுபோல. வெட்டியதால் போன தகட்டின் வேலையை அந்த வளையம் ஏற்றுக்கொள்கிறது. அதன் உள்விளிம்பு துளைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி வந்து உட்காரவும் இடம் கிடைக்கிறது. விளிம்பில் நட்பிளேட்கள். இவை ரிவெட் அடித்து நிலையாகப் பதிக்கப்பட்ட நட்டுகள். பின்னால் கை போகாத இடத்தில் ஸ்க்ரூவை வெளியிலிருந்தே முடுக்கலாம்.

வெட்டும் வேலையில் பாதி நேரம் வெட்டாமலே போனது. பேட்டரி இணைப்பைக் கழற்றினார்கள். உள்ளே ரேடியோக்கள், வயர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டினார்கள். அலுமினியத் தூள் காந்தத்தில் ஒட்டாது; விழுந்தால் பொறுக்க முடியாது. மின் இணைப்புகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தால் எப்போதோ ஒருநாள் ஷார்ட் ஆகும். எந்தப் பகுதியைப் பராமரிக்கத் துளை போடுகிறோமோ அந்தப் பகுதியைத்தான் துளை போடும் வேலை முதலில் மிரட்டுகிறது. டீச்சர் கீழிருந்து வேக்குவம் குழாயைப் பிடித்துக்கொண்டார். ட்ரில் எங்கே இறங்குகிறதோ அதன் நேர் அடியில் குழாயின் வாய். வகுப்பை நாற்பது வருடம் கட்டி மேய்த்தவர் என்பது அவர் குழாய் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. மெக்கானிக்கின் கை ஒரு நூல் விலகினாலும் "அடியில்" என்று ஒற்றைச் சொல் வரும்.

மூலைகளில் படி ட்ரில்லால் வட்டத் துளை. வட்டங்களுக்கு இடையே கோட்டுக்கு உள்தள்ளி மெல்லிய சக்கரத்தால் வெட்டு. கோடு வரைக்குமான மீதியை அரத்தால் தேய்த்தே கொண்டுவந்தார். சக்கரம் நேராகக் கோட்டிலேயே ஓடினால் என்ன என்று கேட்டேன். "அது கோட்டைத் தாண்டிய பிறகுதான் நமக்குத் தெரியும்" என்றார். கடைசியில் விளிம்பை எமரித் தாளால் வழவழப்பாக்கி, நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கே சிக்குகிறதோ அங்கே பின்னாளில் விரிசலுக்கு விதை.

டப்ளர் முன்பே தயாராக இருந்தது. 0.032 அங்குலக் கனமுள்ள 2024-டி3 அலுமினியம், பச்சை ப்ரைமர் அடித்தது. துளையைவிடப் பெரிய வளையம் உள்ளே எப்படிப் போகும் என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். அதை லேசாக வளைத்து, சாய்த்து, ஒரு மூலையை முதலில் விட்டுச் சுழற்றினார், போய்விட்டது. வெள்ளி நிறக் கிளீக்கோக்களைத் துளைக்குத் துளை மாட்டி இரண்டு தகடுகளையும் இறுக்கினார். கிளீக்கோ என்பது ரிவெட் வரும்வரை அதன் இடத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் ஊசி. 3/32 அங்குலத் துளைக்கு வெள்ளி, 1/8க்குச் செம்பு நிறம். கலர் பார்த்தே கை எடுத்துவிடும். ஒவ்வொரு ரிவெட்டும் விளிம்பிலிருந்து தன் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதிப்படி கோடுகள் போட்டிருந்தார்கள்.

ரிவெட் அடிப்பது வழக்கமாக இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கி, உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை. துளை விழுந்துவிட்டதால் அதன் வழியே கையழுத்தியின் கொக்கியை நுழைத்து, சத்தமே இல்லாமல் ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டு போனார். வால் நசுங்கி, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் வந்தால் சரி. அளவுத் தகட்டை வைத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது. ட்ரில்லால் அதன் தலையை எடுத்து, தட்டி வெளியேற்றி, புதிதாக வைத்தார். நானாக இருந்தால் அதை விட்டிருப்பேன்.

நடுவில் பக்கத்துக் கொட்டகைக்காரர் வந்தார். இரண்டு ஆர்வி கட்டியவர், கையில் காபி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மழை பெய்தால் எல்லாத் தண்ணீரும் ரேடியோ தலையில்" என்றார். ஆரிகனில் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது; குளிர்காலம் முழுக்க மழை. ரிவெட் அடித்த தகடு ஒழுகாது, மூடி ஒழுகலாம் என்பது அவர் கட்சி. மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் கேஸ்கெட் வரும் என்று மெக்கானிக் காட்டினார். கேஸ்கெட்டும் காய்ந்து போகும் என்றார் அவர். இருவர் சொன்னதும் சரிதான். வடிவமைப்பாளர் கதவு வைக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. கதவு என்றால் எடை, ஒழுகல், கட்டுகிறவருக்கு இன்னொரு நாள் வேலை. ஆனால் வரைபடம் போடுகிறவரின் கணக்கில் அவுன்ஸ் இருக்கும், அறுபது வயது முதுகு இருக்காது. இந்த விவாதத்தில் நான் மெக்கானிக் பக்கம்.

துளைக்கு எதிராகப் பேசிய அதே பக்கத்துக் கொட்டகைக்காரர் பிற்பகலில் தன்னுடைய வேலையைக் காட்டக் கூட்டிப்போனார். மேசைமேல் ஒரு பெட்ரோல் டாங்க். ஆர்வி-7இல் இறக்கையின் முன்விளிம்பே டாங்க். பக்கத்துக்கு 21 கேலன். அலுமினியத் தகடுகளை ப்ரோசீல் என்ற கறுப்புப் பசையால் அடைத்துக் கட்டுகிறார்கள். எங்கோ பசை விட்டால் இறக்கைக்கு அடியில் நீலக் கறை படியும், ஏனென்றால் 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டு. கசிவு தெரிந்துவிட்டது, டாங்க்குக்குள் கை போக வழியில்லை. எனவே ஏராளமான ஸ்க்ரூக்களைக் கழற்றி டாங்க்கை இறக்கி, அதன் பின்சுவரில் வட்டத் துளைகள் வெட்டியிருந்தார். உள்ளே கைவிட்டுப் பூசிய பிறகு துளைகளைத் தகடும் ப்ரோசீலும் வைத்து மூடப்போகிறார். "நீங்களும் துளை போடுகிறீர்களே" என்றேன்.

"இது வெளித்தோல் இல்லை" என்றார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். அந்தக் கறுப்புப் பசை அவர் முழங்கை வரை இருந்தது. என் சட்டையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. துவைத்தால் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது இடப்பக்கத் துளை முடிந்து பிளாஸ்டிக் தாளை எடுத்திருந்தார்கள். மெக்கானிக் நின்றபடியே, விளக்கை ஒரு கையிலும் சிறு கண்ணாடியை மறு கையிலும் வைத்து உள்ளே பார்த்தார். வயர்க் கற்றை உரசும் இடங்கள், குழாய் இணைப்புகள், ரேடியோக்களின் பின்பக்கப் பூட்டுகள், ஒவ்வொன்றாக. பழுது எதுவும் இல்லை. கட்டியவர் எப்போதோ தவறவிட்ட வாஷர் ஒன்று உள்சட்டத்தின் மடிப்பில் கிடந்தது. பென்சிலில் எழுதிய ஒரு வயர் எண் இருந்தது. அவ்வளவுதான். அவர் முகத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை, பட்டியலில் அந்த வரிக்கு நேரே டிக் போட்டார்.

மாலையில் எழுத்து வேலை. இந்த மாற்றம் சிறியதா பெரியதா என்ற கேள்வி வந்தது. எடை, எடை மையம், வலிமை, பறக்கும் தன்மை இவற்றைக் குறிப்பிடும்படி பாதிக்காவிட்டால் சிறியது. பெரியது என்றால் இயக்க வரம்புகளின்படி மறுபடியும் சோதனைப் பறத்தல் காலத்துக்குள் போக வேண்டும். பயணியை ஏற்றக் கூடாது. மெக்கானிக் சிறியது என்றார். பக்கத்துக் கொட்டகைக்காரர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. விமானப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தைக் கேட்டுவிட்டு எழுது என்றார். டீச்சர் இருவரையும் பேசவிட்டு, வெட்டி எடுத்த தகட்டுத் துண்டைச் சமையலறைத் தராசில் முதலிலும், டப்ளர், மூடி, நட்பிளேட், ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் மாதிரி வைத்திருந்த இன்னொரு செட்டை அடுத்ததாகவும் நிறுத்தினார். கூடுதல் எடையைப் பதிவேட்டில் குறித்து, எடை மையக் கணக்கைப் புதிதாகப் போட்டு, தேதி எழுதினார். கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, திங்கட்கிழமை துறை அலுவலகத்துக்குத் தானே போன் செய்வதாகச் சொன்னார். வலப்பக்கத் துளைக்கான கோடுகள் மேல்தகட்டில் அப்படியே இருந்தன.