கட்டடம் இல்லை, அதனால் பிள்ளை இல்லை

நாங்கள் படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில். ஐந்து வகுப்புக்கு இரண்டு அறை. மழை வந்தால் ஒழுகாத அறையில் ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்காரும். பள்ளிக்கூடம் என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். விளையாட்டுப் போட்டிக்காக ஊருக்குள் இருந்த ஒன்றியப் பள்ளிக்குப் போனபோதுதான் வகுப்புக்கு ஓர் அறை இருப்பதைப் பார்த்தோம்.

இப்போது அந்தப் பள்ளிக்குக் கட்டடம் கேட்டுப் போனால் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறார்கள். "பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள், எதற்குப் புதுக் கட்டடம்?" பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? கழிப்பறைக்குக் கதவில்லாத பள்ளிக்கு எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? கடன் வாங்கியாவது வேன் வரும் தனியார் பள்ளியில் சேர்க்கிறாள். முதலில் கட்டடத்தைக் கைவிடுவது, பிறகு ஆளில்லை என்று பள்ளியையே மூடுவது. சேரிப் பள்ளிகள் இப்படித்தான் சாகின்றன.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். சாவுக்குப் பிறகு எடுக்கும் கணக்குக்குத் திட்டம் என்று பெயரில்லை.

2023 மார்ச் பட்ஜெட்டில் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். அது சரியா தவறா என்று நமக்குள் விவாதம் நடக்கட்டும். எந்தத் துறையின் பலகை தொங்கினாலும் ஒழுகும் கூரை ஒழுகத்தான் செய்யும்.

தோழர்களே, நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 22. பள்ளி மேலாண்மைக் குழுதான் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். அரசு ஒதுக்கும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது சட்டம். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதாவது எழுத வேண்டியவர்கள் நம் அம்மாக்கள். நடப்பதோ வேறு: எழுதிவைத்த தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிறார்கள்.

படித்த பிள்ளைகளான நமக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. உங்கள் பள்ளியின் திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாக்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். தெருவில் இன்று தவழும் குழந்தைகள் எத்தனை? ஐந்து வருடம் கழித்து எத்தனை அறை தேவைப்படும்? ஒவ்வொரு கட்டடமும் எந்த வருடம் கட்டியது? நிலம் யார் பெயரில் இருக்கிறது? தண்ணீர், கழிப்பறை, சாய்தளம், சுற்றுச்சுவர் இருக்கிறதா? விடைகளை எழுதிக் குழுவில் தீர்மானமாக்குங்கள். அதே தாளைக் கிராமசபையிலும் வையுங்கள்.

பதிவேட்டில் இன்றிருக்கும் தலைகளை மட்டும் அவர்கள் எண்ணுகிறார்கள். நாளை வரப்போகும் பிள்ளைகளையும் சேர்த்து நாம் எண்ணுவோம்.

ஜெய்பீம்.