ஆரியங்காவு தாண்டினா எண்ணெய் மாறும்!

மூனிக்ல காலையில ட்ரெயின் ஏறி, ஆல்ப்ஸ் மலையில பிரென்னர் கணவாயைத் தாண்டி, சாயங்காலத்துக்குள்ள இத்தாலியின் வெரோனாவில் இறங்கி பாஸ்தா சாப்பிடணும். இப்படி ஒரு கனவு இல்லாத காலேஜ் ஹாஸ்டல் உண்டா பாஸ்? 1972-ல் இளைஞர்களுக்காகவே 'இன்டர்ரெயில்' பாஸ் வந்தப்ப, 21 வயசு வரைக்கும் உள்ளவங்க ஒரே பாஸ்ல நாடு நாடா சுத்தினாங்க. நமக்கு பாஸ்போர்ட், விசா, யூரோன்னு ஏகப்பட்ட ஸ்பீடு பிரேக்கர். அதெல்லாம் கைகூடும்போது கூடட்டும். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்? ஒரே நாள்ல மலை, மொழி, சாப்பாடு மூணும் மாறுற ரூட் நம்மகிட்டயே இருக்கு. ஸ்டார்ட்டிங் பாயின்ட்... மடவார் வளாகம்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, ராஜபாளையம் ரோட்டை ஒட்டி இருக்கு வைத்தியநாத சுவாமி கோயில். பிரசவ வலியில துடிச்ச பக்தைக்கு, அவளோட அம்மா உருவத்துல வந்து சிவனே பிரசவம் பார்த்ததா தலபுராணம். இன்னொரு கதை நம்ம சப்ஜெக்ட்டுக்கு ரொம்பப் பொருத்தம். மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத வயித்து வலி. இங்கே வந்து வேண்டிக்கிட்டப்புறம்தான் சரியாச்சாம். அதுக்கப்புறம் இங்கே உச்சிக்கால பூஜை முடிஞ்ச தகவல் தெரியாம மதுரையில அவர் இலையில கை வைக்க மாட்டாராம்! போன் இல்லாத காலத்துல எப்படித் தெரியும்? வழி நெடுக நகரா மண்டபங்கள். ஒரு மண்டபத்துல முரசு அடிச்சா, அதைக் கேட்டு அடுத்த மண்டபத்துல அடிப்பாங்க. கிட்டத்தட்ட 75 கிலோமீட்டருக்கு ஒரு 'மிஸ்டு கால்'!

காலையில கோயிலைப் பார்த்துட்டு, ஊருக்குள்ள வந்து பால்கோவா வாங்குங்க. பசும்பால், சர்க்கரை, விடாம கிண்டுற கை. அவ்வளவுதான் ஃபார்முலா. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. கால் கிலோ போதும்னு நினைக்காதீங்க. கம்பார்ட்மென்ட்ல பக்கத்து சீட் குழந்தை உங்க கையையே பார்க்கும்.

மத்தியானம், அதாவது நாயக்கர் சாப்பிட உட்கார்ற நேரம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போயிடுங்க. மதுரையில் முற்பகலில் கிளம்புற குருவாயூர் எக்ஸ்பிரஸ் வரும். 2023-ல் மூணு ரயில்களை ஒண்ணாக்கி விட்ட வண்டி இது. அன்ரிசர்வ்டு டிக்கெட்டே போதும். வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிங்க. அங்கேதான் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடி வரும்.

விருதுநகர்–தென்காசி லைன் 1927-ல் மீட்டர் கேஜா போட்டது. 2004-ல் அகலப்பாதை ஆச்சு. ராஜபாளையத்துல நூற்பாலைகள், சீசன்ல மாம்பழம். அடுத்து சங்கரன்கோவில், பேரைச் சொன்னாலே பலருக்கு ஞாபகம் வர்றது மட்டன் பிரியாணி. தென்காசி தாண்டினா செங்கோட்டை. பக்கத்துல பிரானூர்ல 'பார்டர் புரோட்டா' கடைகள். அது எந்த பார்டர்னு கேக்குறீங்களா? செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்–கொச்சி பக்கம்தான் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிஞ்சப்பதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. ஆனா வண்டி கொஞ்ச நேரம்தான் நிக்கும். புரோட்டாவுக்கு ஆசைப்பட்டு ட்ரெயினை விட்டுடாதீங்க, அதுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க.

அப்புறம்தான் கிளைமாக்ஸ். பகவதிபுரம் தாண்டினதும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீள குகை. உள்ளே போகும்போது தமிழ்நாடு, வெளியே வந்தா கேரளா, ஆரியங்காவு! காத்துலயே ஈரம் ஒட்டும். கொஞ்ச தூரத்துல பதிமூணு கண் பாலம். புனலூர்ல பலகாரத்தோட வாசனையே வேற, தேங்காய் எண்ணெய். 'டீ... டீ...' குரல் 'சாயா'ன்னு மாறியிருக்கும். ராத்திரிச் சாப்பாடு கொல்லத்துல: கப்பையும் மீன் கறியும், இல்லேன்னா மட்டை அரிசிச் சோறு.

ஐரோப்பாவுல 1883-லேயே ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்ல டைனிங் காரில் உட்கார்ந்து சாப்பிட்டாங்க. நம்ம வண்டியில பேன்ட்ரி கிடையாது. பிளாட்ஃபாரம்தான் பேன்ட்ரி! ஜன்னல் வழியா வர்ற வடை அந்தந்த ஊர் அடுப்புல வெந்தது. வண்டி வந்தாத்தான் அந்த அடுப்பு எரியும்.

இது வெறும் டயலாக் இல்லை பாஸ். 1904-ல் திறந்த இந்த மலைப்பாதையை, அகலப்பாதையா மாத்துறதுக்காக 2010-ல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவுல மூடினாங்க. முழுசா மறுபடி ரயில் ஓடினது 2018-ல். எட்டு வருஷம்! அஞ்சாம் கிளாஸ் படிச்ச பையன் பிளஸ் டூ முடிச்சு காலேஜுக்கே வந்திருப்பான், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவைகூட ரயில்ல போகாம. பஸ் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனா மூட்டையும் கூடையுமா வர்ற வியாபாரிக்கும், குடும்பத்தோட கிளம்புறவங்களுக்கும் ரயில் டிக்கெட் மாதிரி கட்டுப்படியாகுமா?

அதனால அடுத்த லீவுக்கு நாலு பேர் சேர்ந்து கிளம்புங்க. கையில தண்ணி பாட்டில், சில்லறை, பால்கோவா. காதுல ஹெட்செட் வேண்டாம். ஆரியங்காவுல பக்கத்து சீட்காரர் உங்ககிட்ட மலையாளத்துல பேச ஆரம்பிப்பார். பால்கோவா டப்பாவைத் திறந்து நீட்டுங்க, மத்ததெல்லாம் தானா புரியும்!