எங்கள் ராகியில் ஒரு வெட்டுக்கிளி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்

மாலையில் கோத்த மணிகளைப் போல் மரபணுக்கள் அசையாமல் இருக்கும் என்றுதான் முதலாண்டில் எண்ணியிருந்தோம். சில துண்டுகள் இடம்விட்டு இடம் தாவும் என்பதை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டவர் பார்பரா மக்ளின்டாக் அம்மையார். நோபல் பரிசு வந்ததோ 1983இல்! தேர்வு முடிவுகள் தாமதம் என்று இனி நான் முணுமுணுக்கப் போவதில்லை.

இந்தத் தாவல் எங்கள் குடும்ப வழக்கு ஒன்றிலும் வந்து சேர்ந்தது. சென்ற பருவத்தில் எங்கள் மானாவாரி ராகியில் குலைநோய் விழுந்தது. கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்தது. தூற்றியபோது மணியைவிடப் பதரே மிகுதி. ஏரிக்குக் கீழே சித்தப்பாவின் நெல்லிலும் குலைநோய். "அவன் கழனியிலேருந்துதான் காத்துல வந்துச்சு" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

இரண்டையும் கெடுப்பது மக்னபோர்த்தே என்னும் பூசணம்தான். ஆனால் கைரேகை வேறு. அதன் தாவும் துண்டு ஒன்றுக்கு எம்.ஜி.ஆர்.586 என்று பெயர். (கைதட்ட வேண்டாம், பூசணத்தின் பெயர்ச் சுருக்கம் அது.) நெல்லைத் தாக்கும் பூசணத்தில் இது ஏராளமான படிகளாகக் கிடக்கும், ராகிப் பூசணத்தில் வெகு சிலவே. ராகிப் பூசணங்கள் பலவற்றில் வேறொரு துண்டு உண்டு. 1993இல் அதை விவரித்தவர்கள் 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி என்றே பெயர் சூட்டினார்கள். நம் நாட்டு நெல், ராகிப் பூசணங்களை டி.என்.ஏ. அளவில் ஒப்பிட்டுச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2000இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

"ரெண்டும் வேற வேற வம்சம்ப்பா" என்றேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நெடுநேரம் பேசாதிருந்த அப்பா, "சரி, அது எப்படிடா எலைக்குள்ள போவுது?" என்றார்.

பலத்தால்தான். வித்து இலையில் ஒட்டி, கறுத்த குமிழ் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் 80 வளிமண்டல அழுத்தம் வரை சேர்த்துத் துளைக்கிறது; கார் டயரைப் போல் ஏறக்குறைய 40 மடங்கு! சுமார் 11,000 மரபணுக்களில் இதற்கு எவை வேண்டும் என்று தேடத் தாவும் துண்டே கருவியாயிற்று. பியூசேரியம் பூசணத்தின் 'இம்பாலா' என்ற துண்டை, நைட்ரேட்டை உண்ண உதவும் மரபணுவின் முகப்பில் செருகி, அத்திறனற்ற குலைநோய்ப் பூசணத்துள் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விட்டார்கள். இம்பாலா தாவி வெளியேறினால்தான் பூசணம் நைட்ரேட்டில் தழைக்கும். தழைத்தவற்றைப் பொறுக்கினால், தாவியவை கையில்! அவற்றுள் ஒன்றால் இலையைத் துளைக்க இயலவில்லை. அதில் இம்பாலா போய் அமர்ந்திருந்தது ஓ.ஆர்.பி.1 என்னும் புதிய மரபணுவின் வாசலில். இது 2001இல் வெளியான செய்தி.

எங்கள் துறையில் இம்பாலா இல்லை, நுண்ணோக்கி உண்டு. ராகி இலையையும் நெல் இலையையும் சுரண்டிப் பார்த்தேன். இரண்டிலும் மூன்று அறைகள் கொண்ட அதே பேரிக்காய் வடிவ வித்துகள். கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை. அந்த நெல் இலையைப் பறித்து வந்து கொடுத்தவர் அப்பா.