வேலூரில் எங்க வீட்டு மாடி ரூம்

வேலூர் காந்தி ரோட்டில் நடந்து போயிருக்கீங்களா?

போகாதவங்களுக்குச் சொல்றேன். அங்கே தமிழ் போர்டும் பெங்காலி போர்டும் பக்கத்துப் பக்கத்துல தொங்கும். மருந்துக் கடையில நிக்கிற நம்ம ஊர்ப் பையன் பெங்காலியில விலை சொல்லுவான். கடுகெண்ணெய், பொரி, ரோகு மீன் எல்லாம் கிடைக்கும். காரணம் உங்களுக்கே தெரியும். சிஎம்சி.

1900ல ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சாங்க. 1902ல அது 40 கட்டில் ஆஸ்பத்திரி ஆச்சு. இன்னைக்கு மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம், திரிபுரா, வங்கதேசம்னு எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி காட்பாடியில வந்து இறங்குறாங்க.

ஆஸ்பத்திரியில கட்டில் நோயாளிக்கு மட்டும்தான். கூட வந்தவங்க எங்க தங்குவாங்க? டெஸ்ட் ரிசல்ட்டுக்கு பத்து நாள் காத்திருக்கறவங்க? டிஸ்சார்ஜ் ஆகிட்டாலும் ‘ஊருக்குப் போயிடாதீங்க, பக்கத்துலயே இருங்க’ன்னு டாக்டர் சொன்னவங்க?

லாட்ஜ்கள் இருக்கு. அதுக்கு மேல, எங்களை மாதிரி ஆளுங்க வீட்டு மாடிகள் இருக்கு.

எங்க நைனா ஆம்பூர்ல ஒரு டேனரியில முப்பது வருசம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆனதும் வந்த காசையும் ஆம்பூர் மனையை வித்த காசையும் போட்டு வேலூர்ல ஒரு பழைய வீடு வாங்கினார். மாடியில ரெண்டு ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். பென்ஷன்னு சொல்லிக்க பெருசா எதுவும் இல்ல. மாடி வாடகைதான் வீட்டுச் செலவு. என் பி.ஜி. படிப்புலயும் அதுக்குப் பங்கு உண்டு.

ரூம் கேட்டு வர்றவங்க முதல்ல கேக்குறது வாடகை எவ்ளோன்னு இல்ல. ‘சமைக்கலாமா?’ன்னுதான் கேப்பாங்க. மூணு மாசம் ஓட்டல் சாப்பாடு யாருக்குக் கட்டுப்படியாகும்? சிலிண்டர், பாத்திரம், ஒரு அருவாமனை எல்லாம் அம்மா வச்சிருந்தாங்க. அவங்களோ அருவா மாதிரி நின்னுக்கிட்டு இருக்குற அவங்க ஊர் ‘போட்டி’யையே மூட்டையில கட்டி எடுத்துட்டு வந்திருப்பாங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதைப் பார்த்து அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

வந்துபோன எல்லாரையும் பத்தி எழுத இடம் பத்தாது. சிலரைப் பத்தி மட்டும்.

2018 கடைசியில கல்கத்தாவுலேருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஒன்பது வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன். பையனுக்கு தலசீமியா மேஜர். பிறந்து ஏழாவது மாசத்துலேருந்து மூணு வாரத்துக்கு ஒருதரம் ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்காங்க.

தலசீமியா தெரியாதவங்களுக்கு சுருக்கமா: ஹீமோகுளோபினைச் சரியா செய்ய முடியாத பரம்பரைக் குறை. அப்பா அம்மா ரெண்டு பேரும் பார்க்க ஆரோக்கியமா இருப்பாங்க, ஆனா ரெண்டு பேருமே கேரியர். ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் முழுசா வர. ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தா உயிரோட இருக்கலாம். ஆனா ஏத்துற ரத்தத்துல இருக்குற இரும்பு கல்லீரல்லயும் இதயத்துலயும் போய்ச் சேரும். அதை வெளியேத்த தனியா மருந்து. முழுசா குணமாக்க இன்னைக்கும் பெரும்பாலானவங்களுக்கு இருக்குற வழி எலும்பு மஜ்ஜை மாற்றுதான். சிஎம்சியில 1986லேருந்து அதைச் செய்றாங்க. கூடப் பிறந்தவங்களோட மஜ்ஜை பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு. அக்காவோடது பொருந்திடுச்சு. செலவுக்கு 2017ல ஆரம்பிச்ச தலசீமியா பால் சேவா யோஜனா கை கொடுத்துச்சு. கோல் இந்தியா பணத்துல 10 லட்சம் வரைக்கும் தர்ற திட்டம். பாக்கிக்கு அவர் தன் பங்கு நிலத்தை வித்திருந்தார்.

வந்த அன்னைக்கு நைனாவோட செருப்பு வாசல்ல கிடந்தது. அந்த மனுசன் குனிஞ்சு அதை எடுத்தார். நாங்க திகைச்சுப் போய்ப் பாக்குறோம். கட்டைவிரலால மேல்தோலை அழுத்தி, மடிச்சு, வெளிச்சத்துல காட்டி, ‘கோட்?’னு கேட்டார்.

‘கோட்தான்’னார் நைனா.

அவ்வளவுதான். அவரும் டேனரிக்காரர். அவங்க அப்பா காலத்துல டாங்ரா, இவர் காலத்துல பான்தலா. நைனாவுக்கு பெங்காலி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா ஆம்பூர்ல பாய்மார்களோட முப்பது வருசம் வேலை செஞ்சதுல நைனாவுக்கு உருது வரும். அவருக்கு கல்கத்தா இந்தி. அதுக்கு மேல டிரம், வெட் ப்ளூ, ஷேவிங், குரோம்னு தொழில் சொல்லுங்க ரெண்டு ஊருக்கும் பொது. அங்க கூலிக்காரங்க போடுற கையுறைதான் அதிகம் தைக்கிறாங்களாம், இங்க ஷூ.

1996 ஆகஸ்டுல பாலாறு கெட்டுப்போன வழக்குல சுப்ரீம் கோர்ட் நம்ம பக்கத்து டேனரிகளுக்கு சுத்திகரிப்பு வை, இல்லன்னா மூடுன்னு சொன்னது. அதே வருசம் டிசம்பர்ல கல்கத்தா டேனரிகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னது. நைனாவுக்கு அப்போ சில மாசம் வேலை இல்ல. அவருக்கு வேலை இடமே சில வருசத்துல மாறிப்போச்சு. ரெண்டு பேரும் மொட்டை மாடியில உக்காந்து இதைத்தான் ராத்திரி எல்லாம் பேசுவாங்க. பையனைப் பத்திப் பேச மாட்டாங்க.

பையன் ஒரு மாசத்துக்கு மேல வார்டுல இருந்துட்டு மாடிக்குத் திரும்பினான். மொட்டைத் தலை, முகத்துல மாஸ்க், நெஞ்சுல ரத்தக் குழாய்க்குப் போற ஒரு டியூப். மஜ்ஜை மாத்தினா சுமார் நூறு நாள் ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கணும்.

இங்கதான் ஒண்ணு சொல்லணும். டிஸ்சார்ஜ் சீட்டுல நாங்க எழுதுவோம்: கொதிக்க வச்ச தண்ணி, அப்பப்ப சமைச்ச உணவு, கூட்டம் கூடாது, ஜுரம் வந்தா உடனே வரணும். நாலு வரி. அந்த நாலு வரியை நூறு நாள் நடத்திக் காட்டுறது ஒரு வாடகை ரூம்ல, அறிமுகமே இல்லாத ஊர்ல, ஒரு அம்மா. தண்ணி காலையில அஞ்சு மணிக்கு வரும், அரை மணி நேரத்துல நின்னுடும். பாத்ரூம் பக்கத்து ரூம் ஆளுங்களோட பொது. எங்க அம்மா அந்த நூறு நாளும் பக்கத்து ரூமை யாருக்கும் விடல. அந்த வாடகை போனா போகட்டும்னாங்க. நைனா முணுமுணுத்தார், ஆனா விட்டுட்டார்.

ஜுரத்துக்கு அம்மா சொந்தமா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வச்சிருந்தாங்க. 100.4, அதுதான் கோடு. காலண்டர் அட்டையில பெருசா எழுதி மாடிச் சுவத்துல ஒட்டியிருந்தாங்க.

பிப்ரவரியில ஒருநாள் ராத்திரி பதினொன்றரை. பையன் முனகுறான். 100.8. அவங்க அப்பா ஒரு பாராசிட்டமால் கொடுத்து காலையில பாத்துக்கலாம்னார். ஒரு நாள் முழுக்க ஓபியில நின்னுட்டு வந்த மனுசன், பாவம், அவரைத் தப்பு சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரிஞ்ச பெங்காலி வார்த்தை ஏழோ எட்டோ இருக்கும். அதுல ஒண்ணு ‘ஜோர்’. நம்ம ஜுரம்தான். ‘ஜோர்! ஜோர்! ஹாஸ்பிடல்!’னு கத்தி, தெருமுனை ஆட்டோக்காரரை எழுப்பி, நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டு அவங்களும் ஏறிட்டாங்க.

அந்த டியூப்ல கிருமி. ஒன்பது நாள் ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. விடியற வரைக்கும் வச்சிருந்தா ரத்த அழுத்தம் விழுந்து ஐசியூவுல முடிஞ்சிருக்கலாம்.

இதைப் படிக்கிறவங்க வீட்ல கீமோ எடுக்கிறவங்களோ மஜ்ஜை மாத்தினவங்களோ இருந்தா தயவுசெய்து கவனிங்க. மஜ்ஜை மாத்தினவங்களுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை ஏறியிருந்தாலும், புது மஜ்ஜை உடம்பைத் தாக்காம இருக்கக் கொடுக்குற மருந்து எதிர்ப்பு சக்தியை அமுக்கித்தான் வச்சிருக்கும். அவங்களுக்கு ஜுரம்னா மாத்திரை போட்டுக் காத்திருக்கறது இல்ல. ராத்திரி ரெண்டு மணியானாலும் எமர்ஜென்சி.

இன்னொண்ணு, தலசீமியா வங்காளத்து நோய்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்லயும் கேரியர்கள் இருக்காங்க. சொந்தத்துல கட்டுற வழக்கம் உள்ள ஊர் நம்ம ஊர். இரும்பு மாத்திரை மாசக்கணக்குல சாப்பிட்டும் ரத்தம் ஏறலன்னா, சிவப்பணுவோட அளவு ரொம்பச் சின்னதா இருந்தா, எச்பிஏ2 பாக்குற எச்பிஎல்சி டெஸ்ட் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியோ, முதல் மூணு மாசக் கர்ப்பத்துலயோ.

எல்லாக் கதையும் அப்படி முடியல.

திரிபுராவுலேருந்து ஒரு அம்மா. வயசு அம்பது இருக்கும். ரத்தப் புற்றுநோய், சிகிச்சைக்கு அப்புறம் திரும்ப வந்துடுச்சு. இனி மருந்து உதவாது, ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. டிக்கெட் கிடைக்க அஞ்சு நாள் ஆகும். ஏற்கெனவே இருந்த இடத்துல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. விசயம் தெரிஞ்சதும் யாரும் ரூம் தரல.

வேலூர்ல வாடகைக்கு விடுறவங்க வாயைத் திறந்து சொல்லாத பயம் இதுதான். வீட்டுல சாவு விழுந்துடக் கூடாது. மொட்டைத் தலையைப் பார்த்ததும், வீல்சேரைப் பார்த்ததும் ‘ரூம் காலி இல்ல’ம்பாங்க. கெட்டவங்க இல்ல. தீட்டு, அடுத்து யாரும் வர மாட்டாங்க, போலீஸ் வருமோன்னு ஒரு கலக்கம்.

எங்க சித்தியே சொன்னாங்க, ‘இன்னாக்கா, தெரிஞ்சே வூட்டுக்குள்ள இட்டாருவியா?’ன்னு.

அம்மா பதில் சொல்லல. மாடியில மெத்தை விரிச்சாங்க.

மூணாம் நாள் விடியக்காலையில அந்த அம்மா போயிட்டாங்க. பக்கத்துல அவங்க பையனும் எங்க அம்மாவும். போலீஸ் ஒண்ணும் வரல. சிகிச்சைச் சீட்டு எல்லாம் கையில இருந்தது, மரணச் சான்று எழுதறதுல சிக்கலே இல்ல. தீராத நோயில வீட்டுல இறக்குறது சட்டப் பிரச்சனை இல்லைங்க, இதையும் தெரிஞ்சுக்கங்க. உடலைப் பதப்படுத்தி விமானத்துல அகர்தலா கொண்டு போக அவங்களுக்கு வசதியில்ல. பாலாற்றங்கரையில எரிச்சாங்க. நைனா கூட நின்னார்.

இருபது நாள் கழிச்சு அடுத்த குடும்பம் வந்தது. அம்மா மறைக்கல. ‘இந்த ரூம்ல போன மாசம் ஒருத்தங்க தவறிட்டாங்க. வேணாம்னா சொல்லுங்க, வேற இடம் காட்டுறேன்’னாங்க. மொழி தெரிஞ்ச பையன் அதை அப்படியே சொன்னான். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டார்: ‘தண்ணி எத்தனை மணிக்கு வரும்?’

2020 மார்ச் ஊரடங்கு நிறைய பேருக்கு மறந்திருக்கும், வேலூருக்கு மறக்காது. ஆயிரக்கணக்கான வெளியூர் நோயாளிகள் அப்படியே மாட்டிக்கிட்டாங்க. எங்க மாடியில ஜார்கண்ட் தம்பதி, ரேடியேஷன் முடிஞ்சு மறுநாள் ரயில். ரயில் இல்ல. கையில இருந்த காசு ரெண்டு வாரத்துல தீர்ந்துபோச்சு. அம்மா வாடகையை நிறுத்திட்டாங்க. அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு கீழ இருந்து மேல போகும், சப்பாத்தி மேல இருந்து கீழ வரும். மே முதல் வாரம் காட்பாடியிலேருந்து ஜார்கண்டுக்கு சிறப்பு ரயில் விட்டப்பதான் போனாங்க. மூணாவது மாசம் வாடகை மணியார்டர்ல வந்தது, பைசா பாக்கியில்லாம. அம்மாவுக்குக் கோபம். திருப்பி அனுப்பச் சொன்னாங்க. நான் அனுப்பல, அது அவங்க மரியாதை.

கடைசியா வங்கதேசத்து வாத்தியார். ஹைஸ்கூல்ல கணக்கு நடத்தி ரிட்டையர் ஆனவர். மைட்ரல் வால்வு மாத்தி உலோக வால்வு வச்சவர். வருசா வருசம் செக்கப்புக்கு வந்தா எங்க மாடிதான். வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அப்போ சி படிவம் பதிய வேண்டியிருந்தது, பாஸ்போர்ட், விசா நகலோட. அம்மாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. வாத்தியாரே பக்கத்துல உக்காந்து தன்னோட படிவத்தைத் தானே சரிபார்ப்பார், எழுத்துப்பிழை இருந்தா திருத்துவார்.

அவர் வார்ஃபரின் சாப்பிடுறவர். அந்த வால்வுக்கு ஐஎன்ஆர் 2.5லேருந்து 3.5க்குள்ள இருக்கணும். முதல் தடவை வந்தப்ப கீரையைத் தொடவே மாட்டேன்னார், யாரோ பயமுறுத்தியிருக்காங்க. கீரை கூடாதுன்னு இல்ல, ஒருநாள் கட்டுக் கட்டா சாப்பிட்டு அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லாம இருக்கறதுதான் வம்பு, தினமும் ஒரே அளவா சாப்பிடுங்கன்னேன். அன்னையிலேருந்து அம்மா அவருக்கு ஒரு சின்னக் கிண்ணத்துல அளந்து முளைக்கீரை மசியல் வச்சாங்க. கணக்கு வாத்தியார் இல்லையா, கிண்ணம் எத்தனை மில்லின்னு அளந்து நோட்டுல எழுதிக்கிட்டார்.

2024 ஆகஸ்டுக்கு அப்புறம் அங்கேருந்து விசா கிடைக்கிறது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. காந்தி ரோட்டுல எத்தனையோ ரூம் காலியா கிடந்தது. அதுக்கு முன்னாடியே, 2022ல ராணிப்பேட்டை வளாகம் திறந்ததும் சில துறைகள் அங்க போயிடுச்சு, ரூம் தேடுறவங்களும் ரத்தினகிரி பக்கம் போக ஆரம்பிச்சாங்க. எங்க மாடியும் இப்போ பாதி நாள் பூட்டித்தான் இருக்கு.

வாத்தியார் அவங்க ஊர்லயே ரத்தம் கொடுத்து, மாசம் ஒருதரம் ரிசல்ட்டை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறார். போன மாசம் 2.8. அம்மாகிட்ட சொன்னேன்.

‘கிண்ணம் அளவு மாத்தலியே?’ன்னு கேட்டாங்க.

கேட்டேன். மாத்தலையாம்.